வளைவில் கவிழும் ஆட்டோ

2007 ஜூலை 9, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவது போல இருட்டிவிட்டு மாடம்பாக்கம் பக்கம் போய்விட்டது. தண்ணீர் லாரி வரவில்லை. கேஸ் புக் பண்ண மறுபடி மறந்தாச்சு. எட்டாம் வகுப்பு கணக்குப் பேப்பர் பாதிக் கட்டு பாக்கி.

ஜெபா ஆபீஸிலிருந்து ஆட்டோவின் புது வெர்ஷனைக் கொண்டுவந்தார். (இனிமேல் ஜெ. மட்டும். முழுப் பேர் எழுதும் அளவுக்கு என் வீட்டுக்காரருக்கு இன்றைக்கு மரியாதை கிடையாது.) கேளம்பாக்கத்தில் இவர் கம்பெனி செல்போனுக்கு கேம் செய்கிறது. போனில் போவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார்களாம். அப்படி வீட்டுக்கு வந்ததுதான் இந்த ஆட்டோ ரேஸ். ஒரே கீபோர்டு, இரண்டு பேர். வலது பக்கத்து அம்புக்குறி எனக்கு, இடது பக்கத்து எழுத்துகள் அவருக்கு. தினம் சாயங்காலம் டீ குடித்துவிட்டு ஆட்டம். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஒரு வருஷமாகக் கழுவியது யார் என்று பாத்திரம் தேய்க்கிற நாரைக் கேட்டால் சொல்லும். நான் இல்லை.

இன்றைக்கு மூன்று ரேஸ். மூன்றிலும் தோல்வி.

கெடுத்து வைத்திருக்கிறார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் குட்டிச்சுவர் ஆக்கியாச்சு. எழுதி வைக்கிறேன், ஆறக் கூடாது:

– வளைவில் பிரேக் பிடித்தால் ஆட்டோ கவிழ்கிறது. முன்பு பின்பக்கத்தை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போகும். அதுதான் அழகே.

– ஹாரன். முன்பு அடித்தால் மாடு நகரும். இப்போது அடித்தால் மாடு திரும்பிப் பார்க்கிறது. நிஜ ஜி.எஸ்.டி. ரோட்டிலும் மாடு நகராது என்று எனக்குத் தெரியாதா? இங்கேயாவது நகரட்டும் என்றுதானே மனுஷி கேம் ஆடுகிறாள்.

– பெட்ரோல் தீர்ந்துபோகிறதாம். வழியில் பங்கில் நிறுத்திப் போட வேண்டுமாம். போடாவிட்டால் ஆமை மாதிரி ஊர்கிறது. நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து பங்கில் க்யூ நிற்க எவளுக்கு ஆசை?

"யாருங்க இதெல்லாம் கேட்டா?"

"கிளையன்ட் கேட்டாங்க."

"உங்க கிளையன்ட் என்னிக்காவது ஆட்டோல ஏறியிருக்காரா?"

"ரெண்டு நாள் ஆடு பியூலா. பழகிடும்."

பழகிடும். கல்யாணமான புதிதில் இவர் குறட்டையைப் பற்றியும் இவர் அம்மா இதையேதான் சொன்னார்கள்.

பாத்திரம் கழுவினேன். குழம்புச் சட்டி அடிப்பிடித்திருந்தது. வைத்தது நான்தான், அது வேறு விஷயம்.

ஜூலை 10, செவ்வாய்

வெயில். தாம்பரம் மார்க்கெட்டில் வெண்டைக்காய் முற்றல், ஒடித்துப் பார்த்தால் கடைக்காரன் முறைக்கிறான். சாக்பீஸ் தூசியில் மறுபடி தும்மல்.

ஸ்டாஃப் ரூமில் மெர்சி கேட்டாள், ஃப்ளாட் என்னாச்சு என்று. தமிழ் எடுக்கிறவள், எதையும் விடமாட்டாள்.

என்னாச்சு என்றால்: ஜெ.க்குக் கேளம்பாக்கத்தில் ஃப்ளாட் வேண்டும். ஆபீஸ் பக்கம், தினம் இந்தத் தாம்பரத்திலிருந்து அலைய முடியவில்லை, முதுகு வலி. சரி. எனக்கு? அங்கிருந்து வண்டலூருக்கு ஒரு பஸ், வண்டலூரிலிருந்து இன்னொன்று. முதல் பஸ் வந்தால் வரும். மணி அடிப்பதற்குள் ஸ்கூலுக்கு வந்து சேர முடியாது. வேலையை விட வேண்டியதுதான். "அங்கயும் ஸ்கூல் இருக்கே" என்கிறார். இருக்கும். அங்கே நான் புதுசாகப் போய் எல்.கே.ஜி. பிள்ளைக்கு மூக்குத் துடைக்க வேண்டும். இங்கே கணக்கு டீச்சர் வருகிறாள் என்றால் வராண்டாவே அடங்கும். அதை விட்டுவிட்டு அந்தச் செம்மண் காட்டில் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டு நிற்பதற்கா பி.எட். படித்தேன்.

போன மாதம் இதே சண்டை முற்றி, மாடி வீட்டு அம்மா இறங்கி வந்து சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். சர்க்கரைக்காக வரவில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். அவர் போனதும் ஜெ. சொன்னார்: "கத்த வேணாம். ஆட்டோ விட்டுப் பார்த்துடலாம். அஞ்சு ரேஸ். ஜெயிக்கறவங்க சொல்றதுதான் முடிவு."

உடனே சரி என்றேன். பின்னே? வருஷம் முழுக்கத் தோற்கிற ஆள் பந்தயத்துக்குக் கூப்பிட்டால் எவள் மாட்டேன் என்பாள்? வருகிற ஞாயிறு, சர்ச் முடிந்து வந்ததும் ரேஸ். திங்கட்கிழமைக்குள் பில்டருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மெர்சி டிபன் பாக்ஸை மூடிவிட்டாள். "வீடு வாங்கணும்னா ஜெபம் பண்ணுவாங்க, பாஸ்டரைக் கேப்பாங்க. நீங்க என்னடி, ஆட்டோ ஓட்டறீங்க?"

"ஜெபமும் பண்ணியாச்சு. ஆண்டவர் எனக்கு ஒண்ணு சொல்றார், அவருக்கு ஒண்ணு சொல்றார்."

சாயங்காலம் இரண்டு ரேஸ். இரண்டும் போச்சு. வளைவில் நான் கவிழ்ந்து கிடக்கும்போது ஜெ. திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார். வெண்டைக்காய்ப் பொரியலை அவர் தட்டில் கொஞ்சமாக வைத்தேன்.

ஜூலை 11, புதன்

மதியம் கரண்ட் இல்லை. ஸ்கூல் பாதி நாள்.

காலையில் ஜெ. ஷூ போடும்போது கேட்டேன்: "பழைய வெர்ஷனையே போட்டுடுங்க. ஞாயித்துக்கிழமை அதுல ஆடலாம்."

"அது மேலயே காப்பி பண்ணிட்டேனே. போயிடுச்சு."

"ஆபீஸ்ல இருக்குமில்ல?"

"இருக்கும், பாக்கறேன்." ஷூ லேஸை மூன்று முடிச்சுப் போட்டார். இவர் பார்க்கமாட்டார். ஜன்னல் கொண்டிக்கு 'பாக்கறேன்' சொல்லி எத்தனை மழை போச்சு.

சரி, அழுதுகொண்டிருந்தால் ஆகாது. மூன்று மணிக்குக் கரண்ட் வந்ததும் தனியாக உட்கார்ந்தேன். வளைவு, வளைவு, வளைவு. கவிழ்ந்து கவிழ்ந்து கடைசியில் பிடிபட்டது: வளைவில் பிரேக்கே தொடக் கூடாது. வளைவு தெரியும்போதே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட வேண்டும், வண்டி தானாக இளகும், பிறகு திருப்பினால் வெண்ணெய். பங்கும் அப்படித்தான். கோட்டுக்குள் நிற்க வேண்டியதில்லை, ஓரமாக உரசினாலே கொஞ்சம் ஏறுகிறது.

சரியாகத் திரும்பிய முதல் தடவை வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை, நல்லது. பழைய ஆட்டோவில் இந்த மாதிரி சிரித்ததாக ஞாபகம் இல்லை. இருந்தாலும் அந்த கிளையன்ட் நாசமாய்ப் போகட்டும்.

சாயங்காலம் ஜெ.யோடு ஆடியபோது வளைவில் கவிழவில்லை. அவர் புருவம் உயர்ந்தது. அப்படியும் தோற்றேன். இது மட்டும் புரியவில்லை. முன்பெல்லாம் எவ்வளவு பின்னால் கிடந்தாலும் கடைசி ரோட்டில் எட்டிப் பிடிப்பேன். இப்போது ஒரு தடவை மாட்டில் மோதினால் முடிந்தது கதை, அவர் வண்டி கண்ணிலேயே படுவதில்லை. என்ஜினையும் கெடுத்திருக்கிறார்கள் போல.

ஜூலை 12, வியாழன்

தூறல். மீன்காரம்மா வந்தது. "இன்னாம்மா, மூஞ்சி உர்ருனு கீது?" சங்கரா மீனைக் கூறு போட்டுக்கொண்டே கேட்டது. தூக்கம் இல்லை என்றேன். "வூட்டுக்காரரு கொறட்டையா?" கோவளத்திலிருந்து வருகிற பொம்பளைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

பேப்பர் கட்டு முடிந்தது. பாதிப் பேருக்குப் பின்னம் வரவில்லை.

பயிற்சி. நான்கு ரேஸில் ஒன்று ஜெயித்தேன், ஜெ.யைத்தான். கடைசி வரைக்கும் ஒட்டிக்கொண்டே போய் ஒரு சக்கர அளவு வித்தியாசம். பிழைத்துக்கொள்ளலாம்.

"என்ன, நல்லா ஆடறே" என்றார். ஏதோ என் நோட்டில் 'குட்' போடுகிற மாதிரி.

ஜூலை 13, வெள்ளி

மாதாந்திர மீட்டிங். பேசியதையே பேசினார்கள்.

இரண்டு ஜெயிப்பு, மூன்று தோல்வி. முழங்கையால் இடிக்கிறார். ஒரே கீபோர்டு என்பதால் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார வேண்டும். ஒரு நாளில் இந்த அரை மணி நேரம்தான் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது. மற்ற நேரத்தில் எதிரெதிர்தான். ஃப்ளாட் போனாலும் வந்தாலும் இது இருக்கட்டும் என்று நினைத்தேன். உடனே மறுபடி இடித்தார், நினைத்ததை வாபஸ் வாங்கினேன்.

நாளைக்கு டில்லி சாப்பிட வருகிறான். சிக்கன் வாங்க வேண்டும், தேங்காய், புதினா. வாஷர் (பாத்ரூம் குழாய்).

ஜூலை 14, சனி

இன்றைக்கு வானிலை எழுதப்போவதில்லை.

டில்லி இவரோடு வேலை பார்க்கிற பையன், ஏர்போர்ட் பக்கம் பொழிச்சலூர். தலைக்கு மேல் ஏரோப்ளேன் போய்ப் போய் எல்லாவற்றையும் உரக்கத்தான் பேசுவான். நல்ல பையன். பிரியாணியை இரண்டாம் தடவை போடும்போது புது வெர்ஷனைப் பற்றிப் பிடித்துக்கொண்டேன். வளைவு, மாடு, பெட்ரோல், என்ஜின், எல்லாம். ஜெ. பேச்சை மாற்றி ரசம் கேட்டார். பிரியாணிக்கு யார் ரசம் கேட்பார்கள்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டில்லி சொன்னான்: "வளைவெல்லாம் இல்ல அண்ணி. அந்தத் தள்ளு எடுத்துட்டோம்ல, அதான் உங்களுக்குப் பேஜாரா கீது."

"என்ன தள்ளு?"

"அதான் அண்ணி, நீங்க பின்னாடி வுழுந்துட்டா உங்க வண்டிய மட்டும் பின்னாலருந்து தள்ளி வுடுமே. அண்ணாதான போட்டாரு, மொத வாரமே. வலது பக்கத்து ஆளுக்கு மட்டும். உங்களுக்குத் தெரியும்னுல்ல நென்ச்சேன்."

ஜெ. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டில்லிக்கு நிறுத்தத் தெரியவில்லை. "ஆபீஸ்லயும் ஆளுங்கள வச்சி ஆடிப் பாத்தோம் அண்ணி. தள்ளு இருந்தா சிரிச்சிக்கினே ஆடறானுங்க, இன்னொண்ணு ஆடலாம்ன்றானுங்க. தள்ளு கீதுனு சொல்லிட்டமா, அவ்ளோதான். ஜெயிச்சவனே மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு எழுந்து பூடறான். அதான் சொல்றதில்ல. அண்ணா தெனம் வந்து சொல்வாரு, நேத்து எங்க வூட்ல எந்த எடத்துல சிரிச்சாங்கன்னு. அத வச்சித்தான் மொத்தமும் செட் பண்ணோம்."

"இன்னும் கொஞ்சம் சாப்பிடு டில்லி" என்றேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது, அவ்வளவு அமைதி. அவன் சாப்பிடவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பினான்.

தெருவில் பிள்ளைகள் ஆடும்போது ஒரு பொடிசு அழும். சரி வா என்று சேர்த்துக்கொள்வார்கள். அது அவுட் ஆனாலும் அவுட் இல்லை. எல்லோரும் ஒருத்தருக்கொருத்தர் கண் ஜாடை காட்டிக்கொள்வார்கள், அந்தப் பிள்ளை மட்டும் தானும் ஆடுகிறோம் என்று குதித்துக்கொண்டிருக்கும். ஒரு வருஷமாக என் சொந்த வீட்டில் நான் ஒப்புக்குச் சப்பாணி. அதுவும் ஸ்டாஃப் ரூமில் பெருமை வேறு. "எங்க வீட்ல தினம் நான்தான் ஜெயிப்பேன்." மெர்சி முகத்தில் எப்படி முழிப்பேன்.

"ஏன் போட்டீங்க?"

"தோத்தா நீ ரெண்டு நாள் பேசமாட்ட."

"பேசாம இருந்தா என்ன, உசுரா போயிடும்?"

"பாத்திரம் கழுவறது எனக்குப் பெரிசில்ல பியூலா. நீ சிரிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா வீடு நல்லா இருந்தது."

இந்த மாதிரிப் பேச்சுக்கு மயங்குகிறவள் நான் இல்லை. அந்தச் சிரிப்பைத்தானே மறுநாள் ஆபீஸில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார். இந்த இடத்தில் சிரித்தாள், சரி, விடு. இந்த இடத்தில் சிரிக்கவில்லை, மாற்று. நான் மனைவியா, அடுப்பில் கொதிக்கிற சோறா, கரண்டி விட்டு விட்டுப் பதம் பார்க்க?

"அப்ப இப்ப ஏன் எடுத்தீங்க?"

"கிளையன்ட் ரெண்டு பக்கமும் சமமா வேணும்னாங்க."

"அது ஆபீஸ்ல. இந்த வாரம் பார்த்து வீட்டுக்கு ஏன் கொண்டுவந்தீங்க?"

எழுந்து போய்ப் பாத்ரூம் குழாயை இறுக்கிவிட்டு வந்தார். அப்படியும் சொட்டியது. பிறகு, "வீடு விஷயம். அதுல தள்ளு வச்சி ஆடினா நல்லாவா இருக்கும்?"

நியாயமான பேச்சு. அதனால்தான் இன்னும் எரிந்தது.

"நான் கண்டிப்பா தோப்பேன்னு தெரிஞ்சுதானே நீயும் அன்னிக்கு உடனே சரின்ன" என்று வேறு சேர்த்துக்கொண்டார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டார், "நாளைக்கு ஆட்டம் உண்டா, இல்லையா?"

"உண்டு. தள்ளு இல்லாம."

ஜூலை 15, ஞாயிறு

சர்ச்சில் என்ன பிரசங்கம் என்று கேட்டால் தெரியாது. கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது நான் உட்கார்ந்திருந்தேன், பின்னால் இருந்த அக்கா தட்டி எழுப்பினார்கள். ஜெ.யும் நானும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கம் பார்த்துக்கொண்டு பாடினோம்.

மட்டனைக் குக்கரில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நேற்றிலிருந்து பேச்சு கிடையாது. ஆரம்பிக்கலாமா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

முதல் ரேஸ் அவருக்கு. இரண்டாவது எனக்கு. மூன்றாவது அவருக்கு, மாடு. நான்காவது எனக்கு, அதில் பங்கை ஓரமாக உரசிக்கொண்டு போனதை அவர் எதிர்பார்க்கவில்லை, "ஹூம்" என்றார். எல்லாம் சுத்தமான ஆட்டம். இந்த நாலு ரேஸ் போல வாழ்க்கையில் எதையும் நான் ஆடியதில்லை. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

ஐந்தாவது. பாதிக்கு மேல் அவர்தான் முன்னால். கடைசி வளைவு வரைக்கும் முன்னால். நான் தோற்றாச்சு என்றே முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை ஹெச்.எம்.மிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒரு வாக்கியம்கூட ஓடியது.

வளைவில் அவர் ஆட்டோ கவிழ்ந்தது.

வாரம் முழுக்க அந்த வளைவில் ஒரு தடவைகூட இவர் கவிழ்ந்ததில்லை. நான் தாண்டிப் போய் முடித்தேன். திரையைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தேன். விரல்கள் கீபோர்டை விட்டு மடிக்கு வந்திருந்தன.

"வேணும்னே கவுத்தீங்களா?"

"இல்ல."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

"இல்ல பியூலா. பதட்டத்துல பிரேக் பிடிச்சிட்டேன்."

பிரேக் பிடித்தால் கவிழ வேண்டும் என்று உட்கார்ந்து எழுதியவர்களில் இவரும் ஒருத்தர்.

எழுந்து போய் பில்டருக்குப் போன் போட்டார். வேண்டாம் சார், வீட்ல சௌகரியப்படல, தேங்க்ஸ். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. முதுகை மட்டும் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு குக்கரை இறக்கினார்.

ஆக ஸ்கூல் தங்கியது, எட்டாம் வகுப்பு தங்கியது, நாளைக்கும் நடந்தே போவேன். சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. போன வருஷமெல்லாம் பொய்யாக ஜெயித்தேன், அப்போது வந்தது. இன்றைக்கு நிஜமாகவே ஜெயித்திருக்கலாம், இருந்தும் வரவில்லை. இந்த மனுஷன் என்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டார், அதைத் திருப்பிக் கொடு என்று கேட்கக்கூட முடியாது.

மட்டன் குழைந்துபோயிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன்.

"வாங்க, இன்னொண்ணு ஆடலாம்."

"எதுக்கு? முடிஞ்சிடுச்சே."

"பந்தயம் ஒண்ணுமில்ல. சும்மா. ஆனா நிஜமா ஆடணும். உங்களால முடிஞ்ச அளவுக்கு என்னைத் தோக்கடிங்க. நான் கோச்சுக்க மாட்டேன்."

"கோச்சுக்க மாட்டியா?"

"மாட்டேன். ப்ளீஸ்ங்க."

கல்யாணமாகி இவரிடம் நான் 'ப்ளீஸ்' சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். உட்கார்ந்தார். ஆடினோம். நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை, அவர் விரலையேதான் பார்த்தேன். இரண்டு தடவை மாட்டில் மோதினேன். வளைவில் பிரேக் பிடித்துக் கவிழ்ந்தேன். பங்கைத் தாண்டிப் போய், பெட்ரோல் தீர்ந்து, ஊர்ந்து ஊர்ந்து போனேன்.

நான்தான் ஜெயித்தேன்.